மணற்குன்றுகளிடையே ஒரு பயணம்

இராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் சாம் என்னும் மணற்குன்றுப் பகுதி உள்ளது. தார்ப் பாலையின் அப்பகுதியில் நான் ஒட்டகத்தின்மீது பயணம் செய்திருக்கிறேன். வழிகாட்டிய முதியவரிடம் வரைபடமும் இல்லை, திசைகாட்டியும் இல்லை. ஆயினும் அவர் வழி தவறினாரல்லர். எங்ஙனம்?

கோடையில் அங்குத் தென்மேற்குக் காற்று வலிமையாக வீசுகிறது. காற்றை எதிர்நோக்கும் பக்கத்தில் குன்று மெல்லச் சரிந்திருக்கும்; மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். ஆதலால் குன்றின் வடிவமே திசையைக் கூறிவிடுகிறது.

நண்பகலில் வன்னி மரத்தடியில் தங்கினோம். உலர்மணல் வெப்பத்தை எளிதில் ஆழத்துக்குச் செலுத்தாது. ஆகவே அதன் மேற்பரப்பு பகலில் கொதித்து, இரவில் விரைந்து குளிர்கிறது. பயணத்துக்கு உகந்தவை வைகறையும் மாலையுமே.

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது நீரன்று, கொழுப்பு. எனினும் தாகமுற்ற ஒட்டகம் ஒரே வேளையில் 100 லிட்டர் வரை பருகிப் பல நாள் தாங்கும். மனிதருக்கு அவ்வாற்றல் ஏது? எங்களுள் ஓர் இளைஞர் குடிநீரால் முகம் கழுவ முனைந்தபோது, முதியவர் அவர் கையைப் பற்றித் தடுத்துவிட்டார். எஞ்சிய நீர் மறுநாட் காலைவரை அனைவருக்கும் வேண்டுமன்றோ?

பாலையில் துணிவுடையார், காற்றை அறிந்து, கதிரவனை மதித்து, நீரை அளந்து செலவிடுவோரே.