மீட்டரைத் தாண்டிக் கசியும் தில்லியின் இலவசத் தண்ணீர்

புது தில்லி: 2024 ஜூலை 31 மாலை பெய்த பலத்த மழையின்போது புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை லாபியில் நீர் சொட்டியது. மறுநாளே விருதுநகர் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் மாணிக்கம் தாகூர் ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் அளித்தார். கண்ணாடிக் குவிமாடத்தைப் பொருத்தப் பயன்படுத்திய ஒட்டுப்பொருள் சற்று விலகியதே காரணம் என்றும், அது சரிசெய்யப்பட்டுவிட்டது என்றும் மக்களவைச் செயலகம் விளக்கம் அளித்தது. கண்ணுக்குத் தெரிந்த கசிவு என்பதால் கேள்வியும் பதிலும் உடனுக்குடன் கிடைத்தன. தலைநகரின் வீடுகளில் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் மாதக்கணக்கில் கசியும் நீரைப் பற்றிக் கேட்பார் இல்லை.

தில்லியில் தண்ணீர் அரசியல் என்றால் அது யமுனை நீர்ப் பங்கீட்டையே பெரும்பாலும் குறிக்கும். யமுனைப் படுகை மாநிலங்கள் 1994இல் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகும் கோடைதோறும் ஹரியாணாவுடன் மோதல் எழுகிறது. 2024 ஜூனில் பிரச்னை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அப்போதைய தில்லி அமைச்சர் ஆதிஷி உண்ணாவிரதம் இருந்தார். அந்த வழக்கில், தலைநகருக்குள்ளேயே வீணாகும் நீரைத் தடுக்க என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும் நீதிபதிகள் வினவினர். நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி காலன் நீர் வழங்கும் தில்லி குடிநீர் வாரியத்துக்கு, அதில் ஏறத்தாழப் பாதிக்கு வருவாய் கிடைப்பதில்லை. கசிவும் திருட்டும் மீட்டர் இல்லாத இணைப்புகளும் இதற்குக் காரணம்.

மீட்டருக்கு முன்பு கசியும் நீர் வாரியத்தின் இழப்பு. மீட்டரைத் தாண்டிக் கசியும் நீர், பயன்படுத்திய நீராகவே கணக்கிடப்பட்டுக் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இலவசம் பறிபோகும் விதம்

2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திட்டப்படி, மீட்டர் உள்ள வீட்டு இணைப்புகளுக்கு மாதம் 20 ஆயிரம் லிட்டர் வரை கட்டணம் இல்லை. வரம்பைத் தாண்டினால், கூடுதல் நீருக்கு மட்டுமின்றி மொத்தப் பயன்பாட்டுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். கழிவுநீர்க் கட்டணமும் உடன் சேரும்.

நகர்ப்புறங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. அதன்படி நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 16,200 லிட்டர் போதும். அவ்வீட்டுக் கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியில் நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி லிட்டர், ஓசையின்றி ஒழுகுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 288 லிட்டர். மாதத்துக்கு 8,640 லிட்டர். மொத்தம் 24,840 லிட்டராகிவிடும். சிக்கனமாக வாழும் குடும்பமும் இலவச வரம்பை இழந்துவிடும்.

கண்டறிவது எப்படி?

குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரைக் கவனிப்பது பொதுவான வழி. ஆனால் தில்லியின் பல பகுதிகளில் காலையும் மாலையும் சில மணி நேரமே நீர் வருகிறது. எனவே சோதனையைப் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும்.

நீர் வரும் நேரத்தில், தொட்டிக்குச் செல்லும் வால்வையும் நேரடிக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். அதன் சிறு சக்கரம் சுழன்றால் மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையே கசிவு உள்ளது. அடுத்து, இரவில் மோட்டாரை நிறுத்தி, நிலத்தடித் தொட்டியிலும் மேல்நிலைத் தொட்டியிலும் நீர்மட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும். நீர் வரத்தும் பயன்பாடும் இல்லாத நிலையில் காலையில் மட்டம் தாழ்ந்திருந்தால், அந்தத் தொட்டியிலோ அதிலிருந்து செல்லும் குழாயிலோ ஒழுக்கு இருக்கிறது. ஃபிளஷ் தொட்டியில் சில துளி சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். நீலம் கழிப்பறைக் கோப்பையில் இறங்கினால் தொட்டியின் அடிவால்வு பழுது. சிறு செலவில் அதை மாற்றிவிடலாம்.

அடுக்கு வீடுகளில் கீழ்வீட்டுக் கூரையில் படரும் ஈரத்தை 'சீலன்' என்பர் தில்லிவாசிகள். மேல்வீட்டாருடன் சண்டைக்குச் செல்லுமுன் ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்து கவனிப்பது நல்லது. எந்நேரமும் ஈரம் பரவினால் நீர் வரும் குழாயில் ஓட்டை இருக்கக்கூடும். குளியலறை புழங்கிய பின்பு மட்டும் கூடினால் வடிகுழாயையோ தரை இணைப்பையோ ஐயுறலாம். மழைக்காலத்தில் மட்டும் தோன்றினால் மொட்டை மாடியையும் வெளிச்சுவரையும் பார்க்க வேண்டும். எவ்விடம் பழுது என்பது தெரிந்தால் யார் செலவு என்ற பேச்சும் எளிதாகும்.

சுவருக்குள் புதைத்த பழைய ஜி.ஐ. குழாய் ஓரிடத்தில் துருப்பிடித்து ஓட்டையானால் பிற இடங்களிலும் அதே நிலை இருக்கக்கூடும். அங்கங்கே ஒட்டுப்போடுவதைவிட, வெளிச்சுவரை ஒட்டிப் புதிய குழாய் அமைப்பது சுவரை உடைக்கும் செலவையும் மிச்சப்படுத்தும்.

பணத்தோடு போவதில்லை

நீர் வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது மண்ணுக்கு அடியில் உள்ள ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே புகும். இணைப்புக் குழாயிலேயே மோட்டார் பொருத்தி உறிஞ்சுவது சட்டவிரோதம். அது அசுத்த நீரையும் சேர்த்து இழுக்கும். முதலில் வரும் நீர் கலங்கலாகவோ துர்நாற்றத்துடனோ இருந்தால் அதைக் குடிக்காமல், வாரியத்தின் 1916 எண்ணில் புகார் செய்ய வேண்டும். மீட்டருக்கு அப்பால் தெருக்குழாயில் தெரியும் கசிவுக்கும் அதே எண்தான்.

2025 பிப்ரவரியில் தில்லியில் ஆட்சி மாறியது. நடைமுறையில் உள்ள மக்கள் நலத் திட்டங்கள் நிறுத்தப்பட மாட்டா என்று தேர்தலின்போது பாஜக உறுதியளித்திருந்தது. எக்கட்சி ஆண்டாலும், குடித்த நீரையும் ஒழுகிய நீரையும் மீட்டர் பிரித்துப் பார்ப்பதில்லை. கசிவைச் சரிசெய்த பின்பும் மாதம் ஒருமுறை மீட்டர் அளவைக் குறித்துவைக்கும் குடும்பம், அடுத்த கசிவைக் கட்டண ரசீது வருமுன்பே அறிந்துகொள்ளலாம்.