பால் போல வெள்ளையாக ஓர் எலும்புச் சாறு!

ஒகேனக்கல்லில் காவிரி பாறையில் மோதி விழும்போது வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, ஏன்? மேலே ஓடி வருகிற தண்ணீருக்கு அந்த வெள்ளை கிடையாது. வேகமாக விழுகிற நீரில் காற்று புகுந்து சின்னச் சின்னக் குமிழ்களாகிறது. குமிழ்களில் பட்ட வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. நீர்த்திவலை புகையாய் எழுகிற கல்தான் ஒகேனக்கல்.

"அருவிக்கும் அடுப்படிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கிறது. ஜப்பானியர்கள் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு ஒரு சாறு இறக்குகிறார்கள். பால் ஒரு சொட்டுக்கூடச் சேர்ப்பதில்லை. ஆனாலும் பால் போல வெள்ளை! அதில் கோதுமை நூடுல்ஸைப் போட்டுத் தந்தால் அதுதான் 'டொன்கொட்சு ராமென்'. 'டொன்' என்றால் பன்றி. 'கொட்சு' என்றால் எலும்பு. ஃபுகுவோகா மாகாணத்துக் குருமே நகரில் 1937-ல் ஒரு தெருவோரக் கடையில் இது பிறந்தது. முதலில் தெளிவாகத்தான் இருந்ததாம். பத்து வருஷம் கழித்து, அடுப்பில் மறந்துபோய் அதிகம் கொதித்த ஒரு பானைதான் வெள்ளைச் சாற்றுக்கு வழிகாட்டியது என்று சொல்கிறார்கள்.

வெள்ளையின் ரகசியம்

எலும்பையும் மூட்டையும் சுற்றியுள்ள ஜவ்வில் 'கொலாஜன்' என்ற புரதம் இருக்கிறது. நெடுநேரம் வெந்தால் அது கரைந்து 'ஜெலட்டின்' ஆகிறது. ஆறியதும் சூப் அல்வா மாதிரி உறைவது இதனால்தான். தளதளவென்று கொதிக்கும்போது மஜ்ஜையிலுள்ள கொழுப்பு பொடித்துளிகளாக உடைகிறது. அவை மறுபடி ஒன்று சேராமல் ஜெலட்டின் பிடித்துக்கொள்கிறது. அருவியில் காற்றுக் குமிழ் செய்கிற வேலையை இங்கே கொழுப்புத் துளி செய்கிறது. ஆகவே சிறு தீயில் வைத்தால் சாறு தெளிவாக இருக்கும். தீயைக் கூட்டினால் வெளுக்கும்.

தேவையான பொருள்கள்

பன்றிக்கால், மூட்டு எலும்பு – 1 கிலோ (சிறு துண்டுகளாக வெட்டியது)
வெங்காயம் – 1
பூண்டு – 10 பல்
இஞ்சி – ஒரு விரல் நீளம்
தண்ணீர் – 2 லிட்டர்

பன்றிக்கறி பழக்கமில்லாத வீடுகளில் முகம் சுளிக்க வேண்டாம். ஆட்டுக்காலிலோ கோழிக்காலிலோ இதையே செய்யலாம். இரண்டிலும் ஜவ்வு நிறைய உண்டு, செலவும் குறைவு. பன்றி வாங்குகிறவர்கள், பண்ணையில் வளர்த்த வெண்பன்றியாக, சுத்தமான கடையில் பார்த்து வாங்குங்கள். அரைவேக்காட்டுப் பன்றிக்கறியால் நாடாப்புழு வர இடமுண்டு. சேர்க்கிற கறி உள்ளே சிவப்பே தெரியாமல் வேக வேண்டும்.

செய்முறை

எலும்பைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். அந்த நீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். அழுக்கு நுரை பொங்கும். அதையும் கொட்டிவிட்டு, எலும்பில் ஒட்டிய கறுத்த ரத்தக்கட்டிகளைத் தேய்த்துக் கழுவுங்கள். கவிச்சி வாடை போவதும் நிறம் சுத்தமாக வருவதும் இதில்தான் இருக்கிறது. சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். நம் வீட்டு காஸ் அதற்குத் தாங்குமா? ஐந்து லிட்டர் குக்கரில் எலும்பு, வெங்காயம், பூண்டு, இஞ்சி, தண்ணீர் எல்லாவற்றையும் போடுங்கள். குக்கர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறையக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பிரஷர் தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும்.

திறந்து பார்த்தால் சாறு வெளுத்திருக்காது. "ஐயோ, வரலையே!" என்று பயப்பட வேண்டாம். மூடிய குக்கருக்குள் கொதி குதிப்பதில்லை. இப்போது திறந்தபடியே பெரிய தீயில் முக்கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். எலும்பைக் கரண்டியால் நசுக்கிக் கொடுங்கள். வற்றினால் வெந்நீர் ஊற்றுங்கள். கண்ணெதிரே நிறம் மாறும். பிறகு வடிகட்டுங்கள்.

சாற்றில் உப்புப் போடுவதில்லை. கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ் விட்டு, அதன்மேல் கொதிக்கும் சாற்றை ஊற்ற வேண்டும். தனியாக வேக வைத்த நூடுல்ஸ், அவித்த முட்டை, வெங்காயத்தாள், எண்ணெயில் சிவக்க வறுத்த பூண்டு சேர்த்தால் ராமென் தயார். நம் நாக்குக்கு மிளகு, சீரகப்பொடி தூவினால் இன்னும் ஜோர்!

எந்தத் தண்ணீர்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துத் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, நாள்பட்டால் எலும்பில் வலி, விறைப்பு எல்லாம் அதன் வேலை. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அதற்குக் கடனுதவி செய்தது, நாம் இன்று சாறு கற்றுக்கொண்ட அதே ஜப்பான் நாடுதான்.

"கொதிச்சா எல்லாம் சரியாப் போயிடுங்க" என்பார்கள். கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற, மிஞ்சுகிற தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். ஊற்றி ஊற்றி வற்ற வைக்கிற சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். குழாயில் வருகிற காவிரி நீரையே எடுங்கள்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

"எலும்பு சூப் குடிச்சாத்தான் புள்ளைக்கு எலும்பு பலப்படும்" என்று மாமியார் சொல்லாத வீடு உண்டா? ஆசையோடு சொல்வதுதான். ஆனால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு கிண்ணம் சாற்றில் மிகக் கொஞ்சமே இறங்கும். ஜெலட்டினும் முழுமையான புரதமல்ல. உடம்புக்குத் தேவையான 'டிரிப்டோபேன்' அதில் இல்லை.

கைக்குழந்தையின் வயிறு சின்னது. அதைச் சூப்பால் நிரப்பிவிட்டால் சாதம், பருப்பு, முட்டைக்கு இடம் ஏது? ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே. பிறகு கெட்டியான உணவு. அதைக் குழைக்க உப்பில்லாத சாறு, கொழுப்பு நீக்கி இரண்டு கரண்டி விடலாம். ஒரு வயது வரை உப்பும் சோயா சாஸும் வேண்டாம்.

பெரியவர்களுக்கும் அளவு வேண்டும். ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸில் கிட்டத்தட்ட இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுச் சாற்றைப் பாதியில் வைத்துவிடலாம்.

மீந்த சாற்றை ராத்திரி முழுதும் அடுப்பில் விடாதீர்கள். சிறு பாத்திரங்களில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிஜ்ஜில் வையுங்கள். மேலே உறைகிற கொழுப்பை வழித்து எடுத்துவிடலாம். மூன்று நாளுக்குள், நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள்.

அப்படியானால் எலும்புக்குப் பலம் எதில்? நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முள்ளோடு மென்று தின்கிற பொடிமீனிலும் பாலிலும் உண்டு. தர்மபுரிக்காரர்களுக்குக் களி கிண்டச் சொல்லித் தர வேண்டுமா? நூடுல்ஸ் இல்லாத நாளில் சூடான களி உருண்டையைக் கிண்ணத்தில் வைத்து, இந்தச் சாற்றை ஊற்றிக் கொடுங்கள். ருசிக்கு ஜப்பான் சாறு. பலத்துக்கு நம்ம ஊர் கேழ்வரகு!