சைக்கிள் நேராகப் போகும், கார் சுற்றிக்கொண்டுதான் போகணும்! இப்படியும் ஊர் இருக்கிறது, தெரியுமா?

அதற்கு முன் நம் ஊர்ச் சாலை ஒன்றைப் பார்ப்போம். மோகனூரிலிருந்து நாமக்கல் எவ்வளவு தூரம்? சுமார் 18 கிலோமீட்டர். நிதானமாக மிதித்தாலே ஒண்ணேகால் மணி நேரத்தில் போய்விடலாம். பெரிய மேடு பள்ளம் கிடையாது. ஆனால் பயமில்லாமல் மிதிக்க முடியுமா? பக்கவாட்டில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்! முதுகுக்குப் பின்னால் டேங்கர் லாரியின் ஹாரன்! நாமக்கல் லாரிகளின் தலைநகரம் ஆயிற்றே, சும்மாவா?

சரி, ஊரைக் கட்டும்போதே சைக்கிளை மனதில் வைத்துக் கட்டினால் எப்படி இருக்கும்? கற்பனை இல்லை. கட்டியிருக்கிறார்கள்! அப்படி வரையப்பட்ட நகரம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது, தெரியுமா?

10 நிமிடத்தில் ஒரு நகரம்!

விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவத் தாழியில் கொட்டி இந்த நகரத்தைத் தொடங்கினார்கள்! வரைந்தவர் பிரான்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர். வானத்து நட்சத்திர மண்டலம் சுழல்வதைப் போல ஒரு வரைபடம்!

அதில் ஆச்சரியம் எது தெரியுமா? அளவு! நகரத்தின் குறுக்களவு வெறும் 2.5 கிலோமீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 1.25 கிலோமீட்டர், அதாவது சைக்கிளில் 5 நிமிடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 10 நிமிடம். இத்தனைக்கும் திட்டமிட்டது 50,000 பேருக்கு! அதைச் சுற்றி இன்னொரு 1.25 கிலோமீட்டருக்குப் பசுமை வளையம். செம்மண் பொட்டலாகக் கிடந்த பூமியில் லட்சக்கணக்கில் மரம் வளர்த்திருக்கிறார்கள். அந்த மரங்களுக்குள்ளேதான் சைக்கிள் பாதைகள் வளைந்து வளைந்து போகின்றன!

50,000 பேர் வந்தார்களா? இல்லை, இன்றைக்கும் 3,000 சொச்சம்தான். பைக் சத்தமும் நன்றாகவே கேட்கிறது. வட்டச் சாலை போட 2021 டிசம்பரில் ஜேசிபி உள்ளே வந்தபோது ‘மரமா, வரைபடமா’ என்று ஊரே இரண்டுபட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது! சைக்கிள் நகரத்திலும் சாலைச் சண்டை உண்டு.

அதே 1968... இன்னொரு 50,000!

ஆரோவில்லுக்கு மண் கொட்டிய அதே ஆண்டில், நெதர்லாந்தில் ஹவுட்டன் என்ற கிராமத்துக்கும் ஒரு வரைபடம் ஒப்புதல் பெற்றது! சில ஆயிரம் பேர் வாழ்ந்த குட்டிக் கிராமம் அது. வரைந்தவர் ராப் டெர்க்ஸ். இன்று அங்கே சுமார் 50,000 பேர். இவர்கள் நிஜமாகவே வந்துவிட்டார்கள்!

டெர்க்ஸ் செய்த தந்திரம் என்ன தெரியுமா? ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை. ஊரைப் பல பேட்டைகளாகப் பிரித்தார். பக்கத்துப் பேட்டைக்குக் காரில் போக வேண்டுமா? நேராகப் போக முடியாது! முதலில் வட்டச் சாலைக்கு வெளியேறு, ஊரைச் சுற்று, பிறகு உள்ளே நுழை! சைக்கிளில் போனால்? நடு ஊர் வழியாக நேராக, இரண்டே நிமிடம்! காரைத் தடை செய்யவில்லை, அபராதம் போடவில்லை. சுற்றவிட்டார், அவ்வளவுதான்!

தொடக்கப் பள்ளிகள் எங்கே இருக்கின்றன? கார் சாலையில் இல்லை, சைக்கிள் பாதையை ஒட்டி! ரயில் நிலையத்தில் தண்டவாளத்துக்கு நேர் கீழே சுமார் 3,000 சைக்கிள் நிறுத்தும் ஸ்டாண்டு! சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படியேறினால் பிளாட்பாரம்! நெதர்லாந்தின் ‘சைக்கிள் நகரம்’ விருது இந்த ஊருக்கு 2008-லும் கிடைத்தது, 2018-லும் கிடைத்தது!

பாதை போட்டும் ஆள் வரவில்லை!

இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் கதை தெரியுமா? இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946-ல் புதிய நகரமாக அறிவிக்கப்பட்ட ஊர். தலைமைப் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன், தானே சைக்கிளில் வேலைக்குப் போகிற மனிதர். ஊர் முழுக்கத் தனிச் சைக்கிள் பாதை போட்டார், சாலையைக் கடக்க நிற்கவே தேவையில்லாதபடி சுரங்க வழிகள் வைத்தார். உலகம் முழுவதிலிருந்தும் வந்து பார்த்தார்கள்!

ஆனால் மிதிக்க ஆளைக் காணோம்! ஏன்? கிளாக்ஸ்டன் கார் சாலைகளையும் அதே அளவு ஜோராகப் போட்டுவிட்டார்! காரில் போவது சுலபமாக இருந்தால் எவர் மிதிப்பார்? ஹவுட்டன் ஜெயித்ததும் ஸ்டீவனேஜ் தோற்றதும் இந்த ஒரே இடத்தில்தான். இத்தனை ஊர்க் கதைகளில் என்னை அசத்தியது இதுதான்.

நம் சண்டிகர்? அதை வரைந்த லெ கொர்புசியே வி-1 முதல் வி-7 வரை ஏழு வகைச் சாலை வகுத்தார். சைக்கிள்? பிறகுதான் நினைவு வந்ததோ என்னவோ, வி-8 என்று கடைசியில் சேர்த்தார்!

3.5 மீட்டருக்குள் 14,000 பேர்!

3.5 மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. அதில் ஒரு மணி நேரத்தில் காரில் எத்தனை பேர் போகலாம்? சுமார் 2,000 பேர். அதே பாதையில் சைக்கிளில்? 14,000 பேர்! போக்குவரத்துத் திட்டக்காரர்கள் காலங்காலமாகக் காட்டும் கணக்கு இது. ஒரு கார் நிற்கும் இடத்தில் எத்தனை சைக்கிள் நிற்கும்? 10!

சைக்கிளுக்கு வரி கட்டிய காலம்!

ஒரு காலத்தில் நம் ஊர்களில் சைக்கிளுக்கும் வரி உண்டு, தெரியுமா? கட்டியதற்கு அடையாளமாக உலோக வில்லை ஒன்று கொடுப்பார்கள், அதை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். விளக்கு இல்லையா? டபுள்ஸ் போனாயா? போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்! இதெல்லாம் தாண்டித்தான் குரங்குப் பெடல் போட்டு ஒரு தலைமுறை சைக்கிள் பழகியது.

இன்று? அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாகச் சைக்கிள் தருகிறது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள்! காலை எட்டரை மணிக்கு எந்த ஊர்ச் சாலையிலும் பாருங்கள். முன்கூடையில் சாப்பாட்டுப் பை, கேரியரில் புத்தகப் பை, தார்ச்சாலையின் ஓரத்து மண்ணில் வரிசையாக மிதிக்கும் பிள்ளைகள். வண்டி கொடுத்தாயிற்று. அது ஓடப் பாதை? அது மட்டும் பாக்கி!

பாதை பற்றி யோசிக்கவே இல்லையா? யோசித்தார்கள்! 2014-லேயே சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் முதல் நகரம்! போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும்! காகிதத்தில் படிக்க அருமையாக இருக்கும். அண்ணா சாலையில் ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்!

ஜென்ட்ஸ் சைக்கிள் ஏன்?

புதுக்கோட்டை, 1990களின் தொடக்கம். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எத்தனை பெண்கள் பழகினார்கள் தெரியுமா? ஒரு லட்சத்துக்கும் மேல்! 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள்!

லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் வேண்டுமென்றே அதைத்தான் கேட்டு வாங்கினார்கள்! ஏன்? நடுவில் இருக்கும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே!

இதையும் கேளுங்கள்!

நெதர்லாந்தில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம்! யூட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் ஒரே ஸ்டாண்டில் 12,500 சைக்கிள்! 2019-ல் முழுதாகத் திறந்தார்கள், உலகிலேயே பெரியது!

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சில சாலைகளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் போதும், அடுத்தடுத்த சிக்னல் எல்லாம் பச்சை! பனி கொட்டினால் முக்கியமான சைக்கிள் பாதைகளைத்தான் முதலில் சுத்தம் செய்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது காலை ஊன்றிக்கொள்ளத் தனிக் கம்பி! குப்பைத்தொட்டியைக்கூடச் சைக்கிள்காரர் பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், ஓடுகிற வண்டியிலிருந்தே குறி பார்த்துப் போட!