வண்டிக்குள் வண்டி

பாரம் ஏற்றிய மாட்டு வண்டியைக் கவனித்திருக்கிறீர்களா? மூட்டைகளைப் பின்புறமாக அடுக்கிவிட்டால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். 'பின்பாரம் அதிகம்' என்று சொல்லி, வண்டிக்காரர் இரண்டு மூட்டைகளை முன்னே தள்ளி வைப்பார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ஒரு புதுமையான வண்டிக்கும் இதே தொல்லை உண்டு.

அந்நாட்டில் விடுமுறைப் பயணம் செல்வோரில் சிலர் வீட்டையே உடன் கொண்டு செல்கின்றனர். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கிய பெரிய மோட்டார் வண்டி அது. அவற்றுள் ஒரு வகையில் பின்பகுதி கொட்டகையாக அமைந்திருக்கும். பின்கதவைக் கீழே இறக்கினால் அதுவே சாய்தளமாகிவிடும். அதன் வழியே மோட்டார் சைக்கிளை ஏற்றி உள்ளே நிறுத்தலாம். பெரியவர்களின் 'விளையாட்டுப் பொருள்களை'ச் சுமப்பதால் இதற்கு 'டாய் ஹாலர்' என்று பெயர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோகிராம் எடையுள்ள 2 மோட்டார் சைக்கிள்களைப் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் நிறுத்துகிறோம். பின் அச்சில் எவ்வளவு எடை கூடும்? 600 கிலோகிராம் என்பீர்கள். இல்லை, 800 கிலோகிராம்!

எப்படி? இங்கே வண்டி ஒரு நெம்புகோல். பின் அச்சே அதன் ஆதாரப் புள்ளி. 600-ஐ 2-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 200. அதாவது முன் அச்சின் சுமையில் 200 கிலோகிராம் குறைகிறது. குறைந்த அந்தச் சுமையும் பின் அச்சின் மீதே விழுகிறது. அளவுக்கு மீறிய சுமையால் பின் டயர்கள் சூடேறி வெடிக்கலாம். முன் டயர்களோ சாலையைப் பற்றும் திறனை இழக்கும். வண்டியைத் திருப்புவது கடினமாகும். ஆகவே மொத்த எடையை மட்டும் பார்த்தால் போதாது. பொருள்களை ஏற்றிய பிறகு ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே எடை போட வேண்டும்.

அடுத்தது நிலைமம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி 5 வினாடியில் நின்றால், உள்ளிருக்கும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் தன் எடையில் ஏறக்குறையப் பாதியளவு விசையுடன் முன்னோக்கிப் பாயப் பார்க்கும். எனவே அதை நான்கு மூலைகளுக்கும் பட்டைகளால் இழுத்துக் கட்டுகின்றனர். அதன் சுருள்வில்கள் ஓரளவு அமுங்கும்படி கட்டுவது முக்கியம். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது பட்டை எளிதில் தளராது. கொக்கி கழன்று விழாது.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து தேங்கும். சமையல் அடுப்பின் சுடரோ, சிறு மின்பொறியோ அதைப் பற்றவைத்துவிடும். ஆகையால் கொட்டகையின் அடிப்பகுதியிலும் காற்றுத் துளைகள் தேவை. பெட்ரோல் குழாயை மூடி வைப்பதும், கொட்டகைக்குள் மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓடவிடாமல் இருப்பதும் அவசியம்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு எங்கே ஏற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நெம்புகோல் விதியைப் படிக்காமலே நம் வண்டிக்காரர் இதை அறிந்திருந்தார் அல்லவா?