சிட்டி விளக்கும் சவர்க்காரமும்

கார்த்திகை விளக்கீட்டன்று வாயிலில் ஏற்றும் சிட்டி விளக்கை ஒரே அளவில் நூறு செய்வதென்றால் சக்கரத்திலே தேர்ந்த கை வேண்டும். அத்தேர்ச்சி இல்லாதார்க்குத் துணை அச்சு. சென்ற ஆண்டு எம் மாணவர் கோயிலுக்கென அச்சிலே சிட்டி செய்ய முனைந்தனர். முதல் நாள் அழுத்திய ஆறில் ஒன்றேனும் முழுதாக வெளிவரவில்லை. பிழை அவர்களுடையதன்று, அச்சின் உட்புறத்தில் தேங்காயெண்ணெய் பூசச் சொன்ன எம்முடையதே. தோசைக்கல்லின் நியாயத்தை அச்சுக்கும் பொருத்திவிட்டோம்! வந்து பார்த்த முதிய குயவர் ஒருவர், "எண்ணெயை விளக்குக்குள்ளை எல்லோ விடுறது, மாஸ்டர்" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததன் காரணம் அச்சின் பொருளில் இருக்கிறது. அச்சு செய்ய உதவுவது பாரிசுச் சாந்து. பாரிசு நகரின் மொன்மாத்திரேக் குன்றில் வெட்டிய ஜிப்சக் கல்லால் வந்த பெயர். ஜிப்சம் நீரோடு கூடிய கல்சியஞ் சல்பேற்று. குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லோ கல்சியங் காபனேற்று. இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது. எனினும் ஜிப்சம் நமக்கு அந்நியமன்று. உப்பளப் பாத்தியில் கடல்நீர் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காக வற்றும்போது படிவது அதுவே; உப்புப் படிவது பத்திலொரு பங்காக வற்றிய பின்னரே. ஜிப்சத்தை 150 பாகை செல்சியசு அளவிற் சூடாக்கினால் அதனுள் இருக்கும் நீரின் முக்காற்பங்கு நீங்கிச் சாந்துப் பொடியாகும். மீண்டும் நீரிலிட்டால், இழந்ததைப் பற்றிக்கொண்டு ஊசி போன்ற பளிங்குகளாய்ப் பின்னி இறுகும். அப்பின்னலின் இடையே எஞ்சும் நுண்துளைகள்தாம் அச்சின் உயிர். அவை களிமண்ணின் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கித் தானே சுவரை விட்டு விலகும். எமது எண்ணெய் அத்துளைகளை அடைத்துவிட்டது. மண் ஈரமாகவே நின்று ஒட்டிக்கொண்டது.

ஆகவே பூச்சு வேண்டியது அச்சுக்கன்று, அச்செடுக்கும் மூல உருவுக்கு. பச்சைக் களிமண்ணால் ஆன உருவாயின் ஒன்றும் வேண்டாம். மரமாயின் முதலில் அரக்குப் பூச வேண்டும். சுட்ட சிட்டிக்கும், இரு பாதியாகச் செய்யும் அச்சில் சாந்தோடு சாந்து பொருந்தும் முகத்துக்கும் சவர்க்காரக் கரைசலே சிறந்தது. சாந்தின் கல்சியம் சவர்க்காரத்தோடு கூடி, நீரிற் கரையாத மெல்லிய படலமாகிறது. நம் கிணற்று வன்னீரில் துணி துவைக்கையில் நுரை எழாமல் வெண்கசடு மிதக்கிறதே, அதுவும் இவ்வினமே. வீட்டுப் பெண்கள் நாளும் நொந்துகொள்ளும் கசடு இங்கே தொழிலுக்கு உதவுகிறது. கரைசலை மட்டும் மழைநீரிலே தயாரிக்க வேண்டும். கிணற்று நீரானால் சவர்க்காரம் பூசுமுன்னரே கசடாகிவிடும். மூன்று நான்கு முறை பூசி, மிகுதியைப் பஞ்சால் ஒற்றியெடுக்க வேண்டும். நுரை தங்கினால் அச்சின் முகம் குழி விழும்.

சாந்து 10 பங்குக்கு நீர் 7 பங்கு, நிறையளவில். பொடியை நீரின்மேல் தூவி, ஊறவிட்டுப் பின்னரே கலக்குக. கால் மணி நேரத்துள் இறுகத் தொடங்கிச் சூடேறும். இச்சூட்டைச் சிறிதென எண்ணலாகாது. 2007இல் இங்கிலாந்தில் பள்ளி மாணவி ஒருத்தி கைகளைச் சாந்துக்குள் வைத்து வார்ப்பெடுக்க முயன்று, தீப்புண்ணால் விரல்களிற் பெரும்பாலானவற்றை இழந்தாள். மாணவர் கையை உள்ளே விட்டு உருவெடுக்க ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது.

இரண்டாம் அச்சை ஆவணியிலேயே செய்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் அது காய நெடுநாள் சென்றது. அடுப்பருகே வைப்போம் என்றனர் மாணவர். 50 பாகைக்கு மேற் சூடேறினால் சாந்து பொடியாகத் தொடங்குமாதலால் தடுத்துவிட்டோம். நூறு சிட்டி எண்ணியிருந்தோம். விளக்கீட்டுக்கு முன் சூளைக்குப் போனவை நாற்பத்தொன்று. அவற்றுள் மூன்று, மண்ணில் விழுந்த சாந்துத் துணுக்கினால் முகம் வெடித்து வந்தன.