மருந்தியற் படிப்பும் உபகாரச் சம்பளமும்

தமிழ் பயிலும் மாணவர்க்கு மருந்தியற் படிப்பைப் பற்றி எழுத யாது உரிமை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என வகுக்கின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றும் யாவரும் எளிதில் உணர்வன. நான்காவதாக நிற்பவன் உழைச்செல்வான். மருந்தைப் பிழையின்றி இயற்றுவோன் என அவனுக்குப் பரிமேலழகர் பொருள் கொள்வர். அந்நான்காமவனையே இக்காலத்தார் மருந்தாளுநர் என அழைக்கின்றனர். ஆதலின் இப்பொருள் எமக்கு முற்றிலும் அயலானதன்று.

எனினும், இதனை எழுத எம்மைத் தூண்டியது ஏடன்று. எம் ஊர்ப் பிள்ளை ஒருவனது நிலையே. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சார்ந்த மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலால் பெயர் பெற்றது. திருமலை நாயக்க மன்னரின் தீராத வயிற்றுநோய் இங்கே தீர்ந்தது என்பது ஊரார் வழங்கும் செய்தி. மருத்துவனின் பெயர் விளங்கும் அக்கோயிலின் அருகே வாழும் அப்பிள்ளை மேனிலைத் தேர்வில் நன்கு தேறினான். அவன் தந்தையார் இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், புண்ணுக்குக் கட்டும் துணி நெய்யும் தறியில் வேலை செய்பவர். தரகர் ஒருவர் அவர்கள் இல்லத்திற்கு வந்து, முன்பணமாக இருபதினாயிரம் ரூபாய் கொடுத்தால் மருந்தியற் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகவும், பின்னர் உபகாரச் சம்பளம் தானே வந்து சேரும் என்றும் கூறினார். தாயார் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கத் துணிந்துவிட்டார். "அண்ணா, இவரை நம்பலாமா?" என்று அவன் வினவியபோது எமக்கு விடை தெரிந்திலது. அந்த அறியாமைக்கு நாணி, அறிந்தார் பலரையும் உசாவி யாம் கற்றுக்கொண்டவற்றை, அவனைப் போன்ற பிறர்க்கும் பயன்படும் என்று கருதி ஈண்டு வரைகின்றோம்.

முதற்கண் அறிய வேண்டுவது படிப்பின் வகை. மேனிலை வகுப்பில் பௌதிகம், இரசாயனம் ஆகிய இரண்டனோடு உயிரியலையோ கணிதத்தையோ பயின்றவர்க்கு மூன்று வாயில்கள் உள்ளன. டி.பார்ம். என்னும் பட்டயப் படிப்பு இரண்டாண்டு. அதன் முடிவில் ஐந்நூறு மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் உண்டு. பி.பார்ம். என்னும் பட்டப் படிப்பு நான்காண்டு, எட்டுப் பருவம். 2008ஆம் ஆண்டில் நம் நாட்டிற் புகுந்த பார்ம்.டி. ஆறாண்டு, அதன் இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சிக்கே உரியது. இம்மூன்றும் 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி மருந்தாளுநராகப் பதிவு பெறுதற்கு வழியாவன. வறுமையால் இரண்டாண்டுப் படிப்பை மேற்கொள்வோர் மனந்தளர வேண்டுவதில்லை. பட்டயம் பெற்றவர் பின்னர்ப் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம்.

இனி, அங்கே கற்பிப்பது யாது? மருந்துக் கடையில் மாத்திரையை எண்ணிக் கொடுக்க நான்காண்டு எதற்கு என்று அப்பிள்ளையின் மாமனாரே வினவினார். பி.பார்ம். முதற்பருவத்தில் உடற்கூறும் உடலியலும், பகுப்பாய்வும், கனிம இரசாயனமும், மருந்தாக்கமும் தொடங்குகின்றன. உயிரியல் பயிலாது வந்தவர் உயிரியலையும், கணிதம் பயிலாது வந்தவர் கணிதத்தையும் அப்பருவத்திலேயே கற்று அக்குறையை நிரப்பிக்கொள்வர். பின்வரும் பருவங்களில் கரிம இரசாயனம், நுண்ணுயிரியல், மருந்து உடலில் செயற்படும் முறை, மருந்துச் சட்டம், தர உறுதி, மருத்துவமனை மருந்தகப் பணி என்பன முறையே வரும். எட்டாம் பருவத்தில் மாணவர் தாமே ஓர் ஆய்வு செய்து முடித்தல் வேண்டும்.

இவற்றுள் மூலிகை மருந்தியல் என்னும் பாடம் எம் நாட்டார்க்கு இனியது. மலச்சிக்கலுக்கு உலகெங்கும் வழங்கும் சென்னா என்னும் இலைமருந்தின் ஒரு வகைக்குத் திருநெல்வேலிச் சென்னா என்றே பெயர். 1910ஆம் ஆண்டில் இராமநாதபுர மாவட்டம் அமைக்கப்பெறும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலிச் சீமையின் பகுதியாகவே இருந்தது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்குரிய மருந்து எடுக்கப்படுகின்றது. நம் வேலியோரத்துச் செடியை அயலார் நூலிற் கண்டு வியக்கும் நிலை மாறி, அதன் குணத்தை நாமே ஆராய்ந்தறிய இப்பாடம் வழி செய்யும்.

நிற்க. மாமனாரின் வினாவிற்கு மெய்யான விடை வேறொன்று. 1937ஆம் ஆண்டில் காசி இந்து சர்வகலாசாலையில், மகாதேவ லால் ஷ்ராப் என்பாரின் முயற்சியால், நம் நாட்டின் முதற் பி.பார்ம். வகுப்புத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் சல்பனிலமைடு கலந்த திரவ மருந்தொன்றை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்தைக் கரைப்பதற்கு டையெத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சைச் சேர்த்ததே காரணம். எண்பத்தெட்டு ஆண்டு கழிந்து, 2025ஆம் ஆண்டில், மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்திலும் அதன் அயலிலும் இருமல் மருந்து உண்ட குழந்தைகள் இருபதின்மர்க்கு மேல் இறந்தனர். அம்மருந்திலும் அதே நஞ்சு காணப்பட்டது. அது செய்யப்பட்ட இடமோ நம் தமிழ்நாடு. பகுப்பாய்வு என்னும் பாடத்தைக் கற்றவன் ஒருவன், வந்திறங்கிய கரைப்பானைச் சோதியாது உள்ளே விடேன் என்று நின்றிருப்பின் அக்குழந்தைகள் பிழைத்திருப்பர். பிழையின்றி இயற்றுதல் என்பதன் பொருள் இதுவே. நான்காண்டுப் படிப்பு எதற்கெனின், இதற்கேயாம்.

இனி உபகாரச் சம்பளத்தைக் கூறுவாம். இக்காலத்தார் இதனை உதவித்தொகை என்பர். இது தானே வருவதன்று. உரிய காலத்தில், உரிய சான்றுகளோடு வேண்டினார்க்கே வருவது.

மேனிலைத் தேர்வில் தம் தேர்வு வாரியத்தின் முன்னணி மாணவருள் ஒருவராய் நின்று, குடும்ப வருமானம் ஆண்டிற்கு நாலரை இலட்சத்திற்கு மேற்படாதவர்க்கு மத்திய அரசின் உதவியொன்று உண்டு. 2022-23ஆம் ஆண்டு முதல் அது முதல் மூன்றாண்டும் ஆண்டிற்கு 12,000 ரூபாயும், தொழிற்கல்வியாயின் நான்காம் ஆண்டில் 20,000 ரூபாயுமாக வகுக்கப்பட்டது. பி.பார்ம். மாணவர்க்கு மொத்தம் 56,000 ரூபாயாகும். இதனைப் பெறுவோர் வேறு உதவித்தொகை பெறலாகாது என்பது விதி. ஆதலின் எது மிகுதி என்று கணக்கிட்டுத் தெரிந்துகொள்க.

பட்டியல் சாதியார்க்கும் பழங்குடியினர்க்கும், இரண்டரை இலட்சம் ரூபாய் வருமான வரம்பிற்கு உட்பட்டு, கல்விக் கட்டணமும் பராமரிப்புத் தொகையும் அளிக்கும் உதவியொன்று உண்டு. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ மதம் தழுவிய ஆதி திராவிடர்க்கும் அரசு இவ்வகை உதவியை வழங்கி வந்துள்ளது. இதனை அறியாது படிப்பை நிறுத்தியவர் எம் திருச்சபையினருள்ளும் உளர் என்பதை வருத்தத்துடன் கூறுகின்றோம். குடும்பத்தில் பட்டம் பெறும் முதல்வர், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வி சேருங்கால், பயிற்றுக் கட்டணச் சலுகை பெறும் ஏற்பாடு 2010-11ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தோன்றியது. அரசுப் பள்ளியிற் பயின்ற பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022லும், ஆண்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024லும் தொடங்கப்பெற்றன. பட்டம் பெற்றபின் ஜிபேட் என்னும் தேர்வில் தேறி எம்.பார்ம். பயில்வார்க்குத் திங்கள்தோறும் 12,400 ரூபாய் உதவி வகுக்கப்பட்டுள்ளது. கல்லூரி எந்த அமைப்பின் ஒப்புதல் பெற்றது என்பதை அங்கே நோக்குதல் வேண்டும்.

சேருமுன் செய்ய வேண்டுவன நான்கு. கல்லூரி இந்திய மருந்தியல் மன்றத்தின் ஒப்புதல் பெற்றதா என்று பார்த்தல். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதற்பட்டதாரிச் சான்று ஆகியவற்றை முன்னரே தாலுகா அலுவலகத்தில் வேண்டிப் பெறுதல். மாணவர் பெயரால் வங்கிக் கணக்குத் திறந்து ஆதார் எண்ணை இணைத்தல். உதவி காலந்தாழ்ந்து வரின் கட்டணம் பொறுக்கப்படுமா என்று கல்லூரியையே வினவுதல். இவற்றுள் ஒன்றற்கேனும் தரகர் வேண்டுவதில்லை. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் அரசே பி.பார்ம். நடத்துகின்றது, இடம் மேனிலை மதிப்பெண் முறையிற் கலந்தாய்வால் கிடைக்கும். எம் ஊர்க்கு அண்மையில், கிருஷ்ணன்கோயிலிலும் மருந்தியற் கல்லூரி உண்டு.

இவற்றை யாம் அப்பிள்ளையின் இல்லத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கூறினோம். தந்தையார் நெடுநேரம் வாளாவிருந்து, "நான் கட்டுத்துணி நெய்கிறேன், இவன் மருந்து செய்யட்டும்" என்றார். மறுநாள் தரகரை அனுப்பிவிட்டனர். பிள்ளை தானே விண்ணப்பித்துள்ளான். இடம் எங்கே கிடைக்கும் என்பது இதனை எழுதும்பொழுது தெரிந்திலது. சங்கிலி தாயார் கழுத்திலேயே உள்ளது.

நண்பர்களே, விடுமுறையில் நும் ஊர்க்குச் செல்லுங்கால் இத்தகைய பிள்ளை ஒருவனையேனும் தேடிச் சென்று, அறிந்ததை அறிவிப்பீராக. கல்லூரியின் நிழலில் நிற்கும் நாம் செய்யத்தக்க கைம்மாறு அதனினும் எளியது வேறில்லை.