பயாதா: கித்தாரோடு பிறக்கும் வாதுப்பாட்டு

தென் அமெரிக்கப் புல்வெளிகளில் குதிரையேறி மாடு மேய்த்துத் திரிந்தோரைக் கௌச்சோக்கள் என்பர். அவர்களிடையே வளர்ந்த வாய்மொழிப் பாட்டு மரபே பயாதா. அதனைப் பாடுவோர் பயாதோர் எனப்படுவர். அர்ஜென்டினா, உருகுவே, சிலி, பிரேசிலின் தென்பகுதி ஆகிய இடங்களில் இம்மரபு இன்றும் வழங்குகிறது. எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தல் பயாதா ஆகாது. கொடுத்த பொருள்மீது அவையிலேயே இயற்றிப் பாடுதல் வேண்டும். நம் வழக்கில் ஆசுகவி எனலாம். இருவர் கித்தாருடன் எதிரெதிர் அமர்ந்து, வினாவும் விடையுமாக வாதிடுவதே இதன் உயர்ந்த வடிவம்.

நொடியில் பிறப்பதாயினும் யாப்பு கடுமையானது. பயாதோர் பெரிதும் கையாளும் பாவகை தேசிமா. ஸ்பானியக் கவிஞர் விசென்தே எஸ்பினெல் 1591இல் வெளியிட்ட நூலின் வழி அது நிலைபெற்றது. பத்து அடிகள்; அடிதோறும் எட்டு ஒலியசைகள். 1, 4, 5ஆம் அடிகள் ஓர் இயைபு. 2, 3ஆம் அடிகள் வேறோர் இயைபு. 6, 7, 10ஆம் அடிகள் மற்றோர் இயைபு. 8, 9ஆம் அடிகள் பிறிதோர் இயைபு. நான்காம் அடியின் முடிவில் கருத்து சற்றே நிற்கும்.

இத்தனையும் காத்து எவ்வாறு உடனுக்குடன் பாடுவது? தேர்ந்தோர் பலர் இறுதி அடிகளை முதலில் மனத்தில் முடித்துக்கொண்டு, அவற்றை நோக்கி முன்னடிகளைச் செலுத்துவர். இயைபுச் சொல்லே அடுத்த கருத்தை இழுத்துவருவதும் உண்டு. மிலோங்கா என்னும் நடையில் மெல்ல ஒலிக்கும் கித்தார் வெறும் அணியன்று. இரு பாடல்களுக்கிடையே அது மீட்டப்படும் சிறுபொழுதுதான் புலவன் சிந்திக்கும் நேரம்.

இம்மரபை ஏட்டில் நிலைநிறுத்தியவர் ஹோசே எர்னாந்தெஸ். அவருடைய 'மார்த்தின் ஃபியர்ரோ' காவியத்தின் முதற்பகுதி 1872இல் வந்தது. அதில் கௌச்சோவாகிய தலைவன் கறுப்பினத்தான் ஒருவனைச் சண்டையில் கொன்றுவிடுகிறான். 1879இல் வந்த இரண்டாம் பகுதியில், இறந்தவனின் தம்பி பாட்டுப் போட்டியில் தலைவனை எதிர்கொள்கிறான். வானின் பாட்டு யாது, கடலின் பாட்டு யாது எனும் வினாக்களுக்கு அவன் தரும் விடைகள் மிக நயமானவை. ஆயினும் பண்ணைத் தொழில் பற்றிய வினாவொன்றில் அவன் தோற்கிறான். தோற்கவேண்டும் என்று நூலாசிரியர் முன்பே தீர்மானித்திருந்தார் என்றே தோன்றுகிறது.

மெய்யான அவையில் அவ்வாறு தீர்மானிக்க ஒருவருமில்லை. புவெனஸ் அயர்ஸில் 1858இல் பிறந்த கபினோ எசெய்சா ஆப்பிரிக்க வழியினர். 1884 சூலை 23 அன்று உருகுவேயின் பைசாந்து நகரில், அந்நாட்டின் புகழ்பெற்ற பயாதோரான ஹுவான் தெ நாவாவோடு அவர் வாதுப்பாட்டில் இறங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கொடிய முற்றுகையைத் தாங்கிய நகர் அது. எசெய்சா அந்நகரையே வாழ்த்திப் பாடினார். அயலவரின் ஊரில் வெற்றி அவருடையதாயிற்று. அவ்வாழ்த்துப்பாடலைப் பின்னாளில் கார்லோஸ் கார்டெல் இசைத்தட்டில் பதிவுசெய்தார்.

எசெய்சா 1916இல் மறைந்தார். சூலை 23ஆம் நாளை அர்ஜென்டினா பயாதோர் நாளாகக் கொண்டாடுகிறது.